சேவல் மார்க்கில் ஏறாதவர்

என் வீட்டுக்காரருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதையே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அக்கரப்பத்தனைப் பக்கத்து ரோடு அப்படி. ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்ப முடியாமல் மறுபடியும் இறங்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். பேக்டரிக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் சமதரை உண்டு. அங்கே ஏறி உட்கார்ந்து, மணியை அடித்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு போவார். அந்தச் சமதரைக்காக அவர் பட்ட பாடும், அவரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மேல் டிவிஷன் கணக்கப்பிள்ளை. விடியற்காலைப் பெரட்டில் ஆள்களை எண்ணி மலைக்கு அனுப்பி, சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிகிற வரைக்கும் காலில் நிற்கிற வேலை. நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவரும் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வருவது தெரியும்.

"அக்கா, நீங்க இங்க தொட்டில ஆட்டுங்க. அங்க ஒங்க சக்களத்தி எவ்வளவு ஜோரா வர்றா பாருங்க" என்று பால் கொடுக்க வந்த பெண்கள் கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்ய? சக்களத்தியை எண்ணெய் போட்டுத் துடைக்கிற பழைய துணியே என் சேலைத் துண்டுதான்.

அது சாதாரணச் சைக்கிள் இல்லை, கிரீடம் மார்க். சைக்கிளின் இங்கிலீஷ் பெயரையெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் வாசிப்பதில்லை. ஹேண்டிலுக்குக் கீழே பித்தளைத் தகட்டில் என்ன படம் இருக்கிறதோ அதுதான் பெயர். கிரீடம் மார்க் சீமையில் செய்தது. ஊருக்குத் திரும்பிப் போன சின்ன துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனதை இவர் வாங்கினார். சேவல் மார்க் இந்தியாவில் செய்தது. தலவாக்கலைக் கடைகளில் அதை அடுக்கி வைத்திருப்பார்கள். கையில் கொஞ்சம் சேர்ந்தவன் எவனும் வாங்கலாம். அதுதான் அதன் மேல் இவருக்கு இருந்த முதல் குறை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிரீடம் மார்க்காரர்கள் சேர்ந்து தலவாக்கலைக்குப் போவார்கள். பெரிய கிளாக்கர் ஐயா, டீமேக்கர், பள்ளிக்கூடத்து வாத்தியார், கடைசியில் இவர். தேத்தண்ணிக் கடைச் சுவரில் நான்கு கிரீடங்களும் வரிசையாகச் சாய்ந்திருக்கும். சேவல் மார்க்கில் வருகிறவன் அந்தச் சுவரில் சாத்த மாட்டான், எதிர்ப் பக்கம் சாக்கடைக் கானோரம் நிறுத்துவான். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் யாரும் மீறவும் இல்லை. கிளாக்கர் ஐயாவோடு சமமாக உட்கார்ந்து இவர் தேத்தண்ணி குடிக்கிற ஒரே இடம் அதுதான். அதனால் அந்தச் சைக்கிளை நான் அதிகம் திட்டியதும் இல்லை.

என் தம்பி பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு சேவல் மார்க் வாங்கிக்கொண்டு ஆசையாக எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசல் சுவரில் சாத்தப் போனவனை இவர் தடுத்தார்.

"அங்க சாத்தாதப்பா. கோழிக் கூட்டுப் பக்கமா கொண்டு போய் வை. சேவலுக்கு அதானே எடம்?"

தம்பி சிரித்துக்கொண்டே கொண்டுபோய் வைத்தான். ஆனால் அவன் முகம் சுண்டிப் போனதை நான் பார்த்தேன். "ஏங்க, புள்ள ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான். நாக்கக் கொஞ்சம் அடக்குனா என்ன?" என்றேன்.

"இந்தியாத் தகரம் புள்ள அது. ரெண்டு மழைக்குத் தாங்காது" என்றார்.

இந்தியாத் தகரமாம்! அவருடைய தாத்தாவும் என்னுடைய தாத்தாவும் திருச்சிப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறி வந்தார்கள். அப்போது இலங்கை அரசாங்கம் எங்களையே இந்தியாச் சாமான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஓட்டும் போனது, உரிமையும் போனது. இந்த நாட்டில் இருக்க வேண்டுமானால் மனுப் போட்டு பிரஜாவுரிமை கேள் என்றார்கள். இவரும் போட்டிருந்தார். என் பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் அவர் மனுவுக்குள்ளேயே அடக்கம். அவருக்குக் கிடைத்தால் எங்களுக்குக் கிடைக்கும். அவருக்கு இல்லையென்றால் நான்கு பேருக்கும் இல்லை. மனுப் போட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. யார் வீட்டுக்குத் தபால் வந்தாலும் நான் வாசலுக்கு ஓடி வருவேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிரீடத்தின் பெடல் தண்டு முறிந்தது. தலவாக்கலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். தீபாவளிக்குத் துணி எடுக்க நானும் கூடப் போயிருந்தேன். சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்குச் சீமைச் சாமான் இப்ப வாறதில்ல கணக்கப்பிள்ளை. சேவல் மார்க் தண்டு இருக்கு, அச்சா பொருந்தும். போட்டுத் தரவா?"

"சேவலோடதா? கிரீடத்துக்கா?"

"என்ன கணக்கப்பிள்ளை பேசுறீங்க? அந்தச் சீமைக் கம்பெனிக்காரனே இந்தியாவுல ஆலை போட்டுத்தான் சேவல் செய்யிறான். ஒரே மொதலாளி. அதே அச்சு, அதே இரும்பு, மார்க்குத்தான் வேற."

இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்துத் திருந்திவிடுவார் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

"ஒரே சாமான்னா அவனே கிரீடத்தப் போட்டு விக்கலாமே. ஏன் போடல? அவனுக்கே வெக்கம்!" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அன்றைக்குத் துணிப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு நானும், ஓடாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இவரும் லிந்துலை வழியாக வீடு வந்தோம். பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற மாட்டார். பெயின்ட் உரிந்துவிடுமாம்.

அதற்குப் பிறகும் பெரட்டுக்கு அதைத் தள்ளிக்கொண்டேதான் போனார். சைக்கிள் இல்லாமல் நடந்தால் மதிப்பு இல்லை. தள்ளினால் இருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கடைசியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நுவரெலியா அரசாங்கக் கச்சேரியில், ஜூன் மாதத்தில், காலையிலேயே ஆஜராக வேண்டும். இருந்த ஒரே கறுப்புக் கோட்டை நான் முதல் நாளே கரி அயனில் தேய்த்து வைத்தேன். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுத்தேன். ஒரு வாரமாகக் கொட்டிய மழை அன்றைக்கு விடியும்போதும் விடவில்லை. ரோட்டில் மண் சரிந்துவிட்டதாக லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். இவர் பஸ்ஸுக்குப் போய்விட்டு உடனே திரும்பி வந்தார். மண் அள்ளிக்கொண்டிருந்த சிங்கள ஆள் "அத பஸ் நே, மாத்தியா" என்று, இன்றைக்குப் பஸ் இல்லையென்று கையை விரித்துவிட்டானாம்.

தலவாக்கலைக்குப் போய்விட்டால் நுவரெலியா பஸ் இருக்கிறது. அது வரைக்கும் போவதுதான் கஷ்டம். அப்போது தம்பி நனைந்துகொண்டே சேவல் மார்க்கைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

"மச்சான், மண் சரிஞ்ச எடத்துல மட்டும் தூக்கிட்டுத் தாண்டுங்க. அங்கிட்டு எல்லாம் எறக்கந்தான். மிதிச்சா நேரத்தோட போயிறலாம்."

இவர் சைக்கிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னாரே ஒரு வார்த்தை, இத்தனை வருடம் கழித்தும் என் காதில் கிடக்கிறது.

"நான் இந்த நாட்டு ஆளுன்னு சொல்லப் போறேன். இந்தியா சைக்கிள்ல போய் எறங்குனா, 'நீ இந்தியாக்காரன்தானே'ன்னு கேக்க மாட்டானா?"

"ஐயோ, கச்சேரிக்குள்ளயா ஓட்டிட்டுப் போறீங்க? தலவாக்கலை வரைக்குந்தானேங்க!"

"ரோட்டுல போறவன் வர்றவனுக்கெல்லாம் கண்ணில்லையா? எவனாவது போய்ச் சொன்னா?"

யார் சொல்லப் போகிறார்கள், யாரிடம், எதற்கு? நான் கெஞ்சினேன். பிள்ளைகளைக் காட்டினேன். கடைசியில் கோபம் வந்து, "ஒங்க வறட்டுக் கவுரவத்துல இடி விழ!" என்று வாய்விட்டே கத்தினேன். அவர் கோட்டின் மேல் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார். தம்பி சைக்கிளோடு மழையில் நின்றான். அவனை உள்ளே கூப்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்து திரும்பினார். கோட்டு முழங்கை வரைக்கும் சேறு. எண்ணெய்த் தாள் சுற்று அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

"பேரக் கூப்புட்டுட்டாங்களாம்" என்றார்.

"நீங்க போய்ச் சொல்லலையா? மழைன்னு, மண் சரிஞ்சதுன்னு?"

"சொன்னேன். ஆள் வரலைன்னு எழுதியாச்சாம்."

சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். காலைக் கழுவினார். மனு தள்ளுபடி என்று சில மாதம் கழித்து வந்தது. தம்பி பிறகொரு நாள் ஆறுதல் சொன்னான். அடுத்த தோட்டத்துக் கங்காணி காலையிலேயே போய்க் காத்திருந்தாராம், கைகட்டி எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாராம், அவருக்கும் தள்ளுபடிதானாம். இருக்கலாம். சைக்கிளில் போயிருந்தாலும் இதே பதில் வந்திருக்கலாம். ஆனால் போயிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்குமே. தெரியாமல் போனதுதான் என்னை அரித்தது. தொட்டில் ஆட்டும்போது, அரிசி களையும்போது, சும்மா இருக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. அலுத்துப் போய் ஒரு கட்டத்தில் நினைப்பதையும் விட்டேன்.

பிறகு இலங்கை, இந்தியா என்ற இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட செய்தி வந்தது. இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று. எங்கள் பக்கத்து லயங்களில் வேறு பேச்சே இல்லை. இவர் ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்தியாவுக்கே போயிருவோம் புள்ள. இனி யார் வாசல்லயும் என்னால நிக்க முடியாது" என்றார். நானும் தலையாட்டினேன். சண்டை போட என்னிடம் தெம்பு இல்லை.

கிரீடம் மார்க்கை டீமேக்கர் வாங்கிக்கொண்டார். வருடா வருடம் லைசன்ஸ் தகடு வாங்கினால் போதும், அது இங்கேயே இருக்கலாம். அதை யாரும் மனுப் போடச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வழக்கம்போல சைக்கிளைக் கோழிக் கூட்டுப் பக்கம் கொண்டுபோனான். இவர் கூப்பிட்டார்.

"இந்தா, அதக் கொஞ்சம் கொண்டா. ஓட்டிப் பாக்குறேன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இவர் அதைத் தள்ளிக்கொண்டு பேக்டரிச் சமதரைக்குப் போனார். நாங்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறி உட்கார்ந்தார். முதல் சுற்றில் கொஞ்சம் ஆட்டம், பிறகு நேராகப் போயிற்று. மணி அடிக்கவில்லை. இரண்டு தரம் போய் வந்து, தள்ளிக்கொண்டு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"நல்லாத்தான் ஓடுது புள்ள" என்றார்.

'இத அன்னைக்கே ஏறிப் பாத்திருக்கக் கூடாதா, பாவி மனுசா' என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

தம்பி கையை நீட்டினான். இவர் சைக்கிளைக் கொடுக்காமல் தாமே தள்ளிக்கொண்டு போய், கிரீடம் இத்தனை வருடம் சாய்ந்திருந்த வாசல் சுவரில் அதைச் சாத்தினார்.

"இங்கயே இருக்கட்டும்பா. அங்க எல்லாருக்கும் இதுதானாம். பழகிக்க வேணாமா?"