மேல்வீட்டில் நாற்பது பேர்

கண்ணாடிக் கடைக்காரருக்குக் குடும்பத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் 'ஒண்ணா ரெண்டா'. வைத்தவன் அவர் மச்சான். பொருத்தமாகத்தான் வைத்தான், குறை சொல்ல முடியாது. காலையிலிருந்து கடையில் நின்றபடி, வருகிறவர் மூக்கின்மேல் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "ஒண்ணு நல்லாத் தெரியுதா, ரெண்டு நல்லாத் தெரியுதா?" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. கௌரவமான பிழைப்புதான். ஆனால் கடையைப் பூட்டும்போது அந்தக் கேள்வியையும் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டாமா? செருப்பு வாங்கப் போனாலும் ஒண்ணா ரெண்டா, சோப்பு வாங்கப் போனாலும் ஒண்ணா ரெண்டா. மனுஷனோடு கடைத்தெருவுக்குப் போனால் பொழுது விடிந்து பொழுது போகும்.

இவருக்கு நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆசை வந்தது. பெரிய இசைக்குழு வாசிக்கிற மாதிரி சங்கீதம் எழுத வேண்டும். வயலினும் அதன் பெரியண்ணன் செல்லோவும் ஒரு பக்கம், ஊதுகிறவர்கள் ஒரு பக்கம், பின்னால் பெரிய முரசு, எல்லாம் சேர்ந்து நெஞ்சை அடைக்க வேண்டும். பள்ளிக்கூட நாளில் கொஞ்சம் கீபோர்டு வாசித்தவர்தான், ஞானம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார், ஒரு கீபோர்டு வாங்கினார், ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். அத்தோடு உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

எழுதுவதற்கு ஆட்கள் வேண்டுமே! அதற்குத்தான் சாம்பிள் லைப்ரரி என்று ஒன்று இருக்கிறது. எங்கேயோ ஒரு பெரிய கூடத்தில் நிஜ வித்வான்களை உட்கார வைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, பலமாக, இழுத்து, வெட்டி என்று பதிவு செய்து மூட்டை கட்டி விற்கிறார்கள். நாம் கட்டையை அழுத்தினால் அந்த வித்வான் நமக்காக வாசிப்பார். வில் உரசுகிற சத்தம், மூச்சு இழுக்கிற சத்தம் முதற்கொண்டு வரும். இதில் ஒரு கம்பெனியா இரண்டு கம்பெனியா? கொட்டிக் கிடக்கிறது. ஒருவன் வயலின் தேன் என்கிறான், இன்னொருவன் வயலின் வெல்வெட் என்கிறான். ஒவ்வொருவனும் பத்து நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்கிறான்.

போதாதா ஒண்ணா ரெண்டாவுக்கு! தன் மெயில் முகவரியில் பத்து நாள், மனைவியின் முகவரியில் பத்து நாள், மச்சான் முகவரியில் பத்து நாள், கடைசியில் மாமியார் முகவரியிலும் பத்து நாள். பாவம், அந்த அம்மாளுக்குத் தினமும் 'அன்புள்ள இசையமைப்பாளரே' என்று கடிதம் வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று கல்யாண வீடியோவைப் பெயர்த்துப் பென் டிரைவில் போட்டார். "நம்ம கல்யாணத்தை வெளியில தள்ளிட்டு வயலினைக் குடி வெச்சிருக்கீங்க" என்றார் மனைவி. அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் மேடம். எதிரே லாரி வந்தாலும் குரல் நடுங்காது.

இப்படி இரண்டு வருஷம். முடித்த பாட்டு எத்தனை என்று கேட்காதீர்கள். எட்டு வரி எழுதுவார், 'இந்த லைப்ரரியில் செல்லோ அழவே மாட்டேங்குது' என்பார், அடுத்ததை இறக்குவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஊரில் உள்ள அத்தனை கூடமும் கோணல்.

எழுதின எட்டு வரியை மேடத்திடம் போட்டுக் காட்டுவார். "ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?"

"ரெண்டும் காலிங் பெல் மாதிரி இருக்கு."

அந்த ஒரு வார்த்தை அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. அதிலிருந்து அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு ஆள், தெரியாத ஆளாக இருந்தாலும் சரி, இதைக் கேட்டு நிஜமான ஆட்கள் வாசிக்கிறார்கள் என்று நம்பிவிட வேண்டும். அது நடந்தால் தான் இசையமைப்பாளர், நடக்காவிட்டால் வெறும் கண்ணாடிக் கடைக்காரர். அவராகவே போட்டுக்கொண்ட கணக்கு இது.

நடந்தது. நடந்த விதம்தான் வேறு.

ஒரு சாயங்காலம் கதவு தட்டினார்கள். கீழ்வீட்டு நர்ஸ். எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை, அதனால் சாயங்காலம்தான் தூக்கம். தலைமுடி கலைந்து, கண் சிவந்து நின்றார்.

"சார், உள்ள எத்தனை பேரு?"

"எங்க உள்ள?"

"உங்க வீட்டுக்குள்ளதான். தினமும் இத்தனை பேரைக் கூட்டி வெச்சு வாசிச்சா மனுஷி எப்படி சார் தூங்குறது?"

நல்ல மனிதனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? 'மன்னிச்சுக்கோங்க சிஸ்டர், கம்ப்யூட்டர்தான், குறைச்சுக்கறேன்' என்று சொல்லியிருப்பான். இவருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை பேர் மாதிரி கேக்குது சிஸ்டர்?"

"நாப்பது பேராவது இருக்கும்."

"நாப்பது!" என்றார், லாட்டரி விழுந்தவர் குரலில். அதோடு நிறுத்தினாரா? தொழில் புத்தி விடுமா? "சிஸ்டர், கோவிச்சுக்காம சொல்லுங்க. நேத்து வந்தவங்க நல்லா வாசிச்சாங்களா, இன்னிக்கு வந்தவங்களா?"

சிஸ்டர் வந்த கோபத்தை மறந்து ஒரு நிமிஷம் யோசித்தார். அவரும் மனுஷிதானே. "நேத்து வந்தவங்க தேவலை. இன்னிக்கு ஊதுறவருக்கு நெஞ்சுல சளி. மூச்சு இழுக்கும்போதே தெரியுது. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க." அப்புறம் கோபம் ஞாபகம் வந்து, "நான் ஃபிளாட் அசோசியேஷன்ல சொல்லத்தான் போறேன்" என்று இறங்கிப் போனார்.

அன்று இராத்திரி கடைக்காரர் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் இறங்கவில்லை. "நாப்பது பேருன்னு சொன்னாங்கம்மா. நர்ஸு! மூச்சைக் கேட்டே ஆளைச் சொல்றவங்க!" மேடம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு கவலை. டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரிலேயே இப்படி ஒரு வீடு மறுபடி கிடைக்காது. அசோசியேஷன் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார்.

"அசோசியேஷன் செயலாளர் வந்தா கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டிடுங்க. ஆளே கிடையாதுன்னு தெரிஞ்சா விட்டுடுவாரு."

கடைக்காரர் முகம் சுருங்கிப் போயிற்று. இரண்டு வருஷம் தவமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு. அதைத் தானே எழுந்து நின்று பொய் என்று நிரூபிக்க வேண்டுமாம். "காட்டித்தான் ஆகணுமா?" என்று கேட்டார். மேடம் பார்த்த பார்வையில், காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலாளர் வந்தார், பின்னால் சிஸ்டர். செயலாளர் வணக்கம் கூடச் சொல்லவில்லை. நேராகக் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார். அலமாரியைத் திறந்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார், அங்கே ஒரு பழைய சூட்கேஸ் இருந்தது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். நாப்பது பேரை எங்க சார் மறைச்சீங்க? இத்தனை பேரு வந்து போனா தண்ணித் தொட்டி காலியாகாம என்ன செய்யும்? லிஃப்ட்ல ஆறு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோம். முரசை எப்படி ஏத்தினீங்க?"

"சார், ஆளே இல்ல. எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்தான்" என்றார் மேடம்.

"பொய் சொல்லாதீங்க மேடம்" என்றார் சிஸ்டர். "நேத்து வந்தவங்க நல்லா வாசிச்சாங்களா, இன்னிக்கு வந்தவங்களான்னு சார்தான் என்கிட்ட கேட்டாரு. கம்ப்யூட்டரா நேத்து வந்துட்டு இன்னிக்குப் போகும்?"

மேடம் கணவன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். கடைக்காரர் அவசர அவசரமாக நாற்காலியில் உட்கார்ந்து, "இதோ, இப்பவே காட்டறேன்" என்று கட்டையை அழுத்தினார்.

டொக். மறுபடி அழுத்தினார். டொக், டொக். பிளாஸ்டிக் சத்தம் மட்டும்தான். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது: இலவசக் காலம் முடிந்தது. மாமியாரின் பத்தாவது நாள் முந்தின இரவோடு தீர்ந்துபோயிருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கும் மெயில் முகவரி மிச்சமில்லை.

"இதுல இருந்துதான் நாப்பது பேரா?" என்றார் செயலாளர்.

"என்னங்க, இதை விடுங்க. முடிச்ச பாட்டு ஏதாவது சேத்து வெச்சிருப்பீங்கல்ல, அதைப் போடுங்க" என்றார் மேடம்.

முடித்திருந்தால்தானே சேர்த்து வைத்திருக்க முடியும்? "ஒண்ணு கூடவா?" என்று மேடம் கேட்டார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிஷம் அவருக்குப் பட்ட வெட்கம் எதிரிக்கும் வர வேண்டாம்.

மேடம் ஒரு மூச்சு விட்டார். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செயலாளரிடம் திரும்பினார்.

"சரி சார். வந்தாங்க. நாப்பது பேரு. அத்தனை பேரும் நல்லா வாசிக்கிறவங்க. இனிமே வர மாட்டாங்க. போதுமா?"

செயலாளருக்கு ஒப்புக்கொண்டவர்கள் மேல் எப்போதும் பிரியம். உடனே இளகிவிட்டார். "ஒரேயடியா வேணாம்னு சொல்லலை மேடம். விருந்தாளிங்க ஒரு நேரத்துக்கு நாலு பேரு வரலாம்னு விதியிலேயே இருக்கு. நாலு பேரு வாசிக்கட்டும். சிஸ்டர் தூங்குற நேரத்துல கூடாது."

அவ்வளவுதான் தீர்ப்பு. தொலைந்தது என்று விட்டிருக்கலாம். ஆனால் மேடம் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். கடைக்காரர் நாலே நாலு வாத்தியம் உள்ள ஒரு சின்ன லைப்ரரியைக் காசு கொடுத்து வாங்கினார். ஒரு வயலின், ஒரு செல்லோ, ஒரு கிளாரினெட், ஒரு புல்லாங்குழல். தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை என்றதும் முதல் வாரம் புகையிலையை விட்டவன் மாதிரி அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு நாள் ஆசை தாங்காமல் கம்ப்யூட்டரோடு வந்த ஒரு மணிச் சத்தத்தை ஓரமாகச் சேர்த்துப் பார்த்தார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "யாரது அஞ்சாவது?"

"சும்மா ஒரு மணிம்மா. ரெண்டே ரெண்டு தடவைதான் அடிப்பான்."

"வெளிய அனுப்புங்க. செயலாளர்கிட்ட நாலுன்னு சொல்லியிருக்கேன்."

அனுப்பினார். வேறு வழியில்லாமல் எட்டாவது வரிக்கு அப்புறம் ஒன்பதாவது வரியை எழுதினார். செல்லோ அழவில்லை என்றால் அது அழுகிற மாதிரி வரியை மாற்றினார். பாட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாகவே முடிந்துபோயிற்று. முழுவதையும் ஒரு தரம் ஓட விட்டார். முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து ஜன்னலைச் சாத்தித் திறந்தார்.

கதவு தட்டினார்கள். சிஸ்டர். அன்று விடுமுறை போலிருக்கிறது, முகம் தெளிவாக இருந்தது. ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் தட்டில் நாலு டம்ளர்.

"அவங்களுக்கு டீ கொண்டாந்தேன். அதுக்குள்ள போயிட்டாங்களா? லிஃப்ட் சத்தமே கேக்கலயே."

"படியில போயிட்டாங்க சிஸ்டர்" என்றார் மேடம், எதிரே லாரி வரும்போது பேசுகிற அதே குரலில்.

"அடடா. நல்லா வாசிச்சாங்க. அது கிடக்கட்டும் மேடம், அந்தப் பாட்டு யாரு போட்டது? நடுவுல ஒரு இடத்துல மேல போகும்னு நினைச்சேன், போகாம அப்படியே இறங்கிச்சு. கையில இருந்த வேலையைப் போட்டுட்டு நின்னுட்டேன்."

கடைக்காரருக்குக் காது அடைத்தது. இரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவரே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"இவர்தான் சிஸ்டர்" என்றார் மேடம். "எங்க வீட்டுக்காரர்தான் போட்டாரு."

"சாரா? நான் இவரை அவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுற ஆளுன்னுல்ல நினைச்சேன்!" சிஸ்டர் அவரை முதல்முறை பார்ப்பது போல் மேலும் கீழும் பார்த்தார். "சார், அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்களேன். அந்த இடத்தை இன்னொரு தடவை கேக்கணும்."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம், உங்கள் இஷ்டம் என்பது போல் நகர்ந்து நின்றார். படியில் இறங்கிப் போன நாலு பேரை எங்கே போய்க் கூப்பிடுவது? இவர்கள் நிஜம் என்று ஓர் ஆள் நம்பினால் போதும் என்றுதானே இத்தனை பாடும் பட்டார். அந்த ஆள் இதோ நிற்கிறார். ஆனால் அவருக்கு இப்போது பாட்டு வேண்டுமாம்.

"உள்ள வாங்க சிஸ்டர்" என்று அறைக் கதவை முழுவதும் திறந்துவிட்டார். காலி அறை. ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கீபோர்டு. விரலை வைத்து அழுத்தினார். நாலு பேரும் வந்தார்கள்.

சிஸ்டர் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அந்த இடம் வந்ததும் எதையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். முடிகிற வரைக்கும் திறக்கவில்லை.

"ஆளே இல்லையா?"

"இல்ல சிஸ்டர். நான் மட்டும்தான்." சொல்லி முடித்ததும், பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

சிஸ்டர் தட்டை மேஜைமேல் வைத்து, நாலு டம்ளரிலும் டீயை ஊற்றி, வரிசையாக அவர் பக்கம் தள்ளினார்.

"அப்போ நாலும் உங்களுக்குத்தான் சார். ஆறிடப் போகுது, குடிங்க."