பிரேக்குக்கு மீன் எண்ணெய்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளி வீட்டுக்கு அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் ஷூ தேவைப்பட்டது. நானே மாட்டினேன்.

ஷூவின் ஓரம் பின்தகட்டில் உரசும் இடங்களில் மட்டும், சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியால் லேசாகத் தடவ வேண்டும். டிரம்மைப் பிடிக்கிற லைனிங்கில் ஒரு பொட்டு எண்ணெய் படக்கூடாது. பிடிக்க வேண்டியது வழுக்கினால் அதற்குப் பெயர் பிரேக்கா? புது லைனிங் படிகிற வரை கொஞ்சம் கீச்சிடும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தச் சத்தம் டேனரி மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. தோல் வாங்க வெளிநாட்டுப் பார்ட்டி வருகிற நேரத்தில் மானம் போகிறது என்று குதித்தார். “நாலு நாள் ஓடினா அடங்கிடும் சார்” என்று சொல்லிவிட்டு, குடியாத்தத்தில் மைத்துனன் கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்ததும், முதலாளியின் மகளையும் காய்ச்சலில் கிடந்த அவர் குழந்தையையும் வேலூருக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். வண்டியில் சத்தமே இல்லை. பிரேக் கொஞ்சம் மந்தமாக இருந்தது. புது ஷூ, அப்படித்தான் இருக்கும் என்று ஓட்டினேன்.

பள்ளிகொண்டா அருகே பஸ்ஸிலிருந்து இறங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ரோட்டைக் கடந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை இறக்கி, ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் வண்டியை ஏற்றினேன். கடைசியாக ஓடிய பெண்ணின் பாவாடை பம்பரில் உரசியது. யாருக்கும் அடியில்லை. பின்சீட்டில் குழந்தை வீறிட்டு அழுதது.

முன் சக்கரத்திலிருந்து எழுந்த புகையில் டேனரி நாற்றம் அடித்தது. கழற்றிப் பார்த்தேன். லைனிங் முழுக்க மீன் எண்ணெய். டேனரியில் தோலை மிருதுவாக்கப் பூசுவார்களே, அதே எண்ணெய். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

துடைத்துவிட்டு ஊர்ந்தே ஊர் திரும்பி, குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் மேனேஜரிடம் போனேன். முதலாளியின் மகளும் கூடவே வந்தார். மனுஷர் அசரவேயில்லை.

“இன்னாப்பா, காஞ்ச தோல் மாதிரி முறுக்கிக்கினு சத்தம் போட்டுது. ஃபிட்டரை வச்சி எண்ணெய் காட்டினேன். சத்தம் நின்னுச்சா இல்லியா? சும்மா பேஜார் பண்ணாத.”

எண்ணெய் போட்டால் எந்தத் தோலும் படியும். இவருக்கு உலகமே தோல். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா சார்?” என்று கத்தினேன். அதுவரை அந்த ஆபீசில் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

“டிரைவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?” என்றார்.

முதலாளியின் மகள்தான் பதில் சொன்னார். “அந்தப் பிள்ளைங்க மேல ஏறியிருந்தா ஜெயிலுக்குப் போறது நீங்களா, இவரா?”

மேனேஜர் அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒரு பிள்ளை அடிபட்டிருந்தால் ஊரே சேர்ந்து என்னைத்தான் அடித்திருக்கும். நான் மாட்டிய பிரேக்தானே என்று நானும் சாகிறவரை என்னையே கொலைகாரன் என்று நம்பியிருப்பேன் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்குவதில்லை.