கல்யாணப் பத்திரிகையில் ஏழு போல்ட்

என் வீட்டுக்காரர் எதைக் கழற்றினாலும் மறுபடி மாட்டிவிடுவார். மாட்டி முடித்த பிறகு ஒன்றிரண்டு மிஞ்சும், அவ்வளவுதான். எங்கள் வீட்டு மிக்ஸியில் மூன்று திருகாணி மிஞ்சியது. அது இல்லாமலே ஐந்து வருஷமாக அரைக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் காரின் இஞ்சினில் கை வைத்தார்.

செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக்கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் கார். வாட்டர் பம்பில் தண்ணீர் ஒழுகியது. பம்பை மட்டும் மாற்றியிருக்கலாம். கழற்றியதுதான் கழற்றினோம், உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று இஞ்சினில் பாதியைக் கழற்றினார். ஒரு நாள் வேலை என்றார். இருபத்திரண்டு நாள் ஆனது. அந்த இருபத்திரண்டு நாளும் நான் வாயை மூடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காரணம் இருந்தது. தொண்டூரில் இருக்கும் அவருடைய அக்காவின் மகளுக்குக் கல்யாணம், மண்டபம் செஞ்சியில். பெண்ணழைப்புக்கு உன்னை என் காரில்தான் கூட்டி வருவேன் என்று அவள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போதே வாக்குக் கொடுத்தவர் தாய்மாமனான இவர். அப்போது எங்களிடம் சைக்கிள்தான் இருந்தது. அவள் அதை மறக்கவே இல்லை. கார் வாங்கிய அன்றைக்கு முதல் போன் அவளிடமிருந்துதான் வந்தது.

இந்த முறை எதுவும் மிஞ்சக் கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்தார். வீட்டுக்கு வந்த அந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். வெளிப்பக்கம் ஜிகினா, பேனா பிடிக்கவில்லை. உள்பக்கத்தில் அச்செழுத்துக்கு மேலேயே பம்பின் உருவத்தை வரைந்து, துளை போட்டு, கழற்றிய ஏழு போல்ட்டையும் அதது இருந்த இடத்தில் குத்தி வைத்தார். ஆறு போல்ட் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு மட்டும் தலைக்கு மேல் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒயரைப் பிடிக்கிற கிளிப் மாட்டுவார்களாம்.

சென்னையில் இருக்கிற என் தம்பி, பத்திரிகையைத் தொலைத்துவிட்டேன், போட்டோ அனுப்பு என்றான். இருந்தபடியே எடுத்து அனுப்பினேன்.

"இன்னாக்கா, பத்திரிகைக்கு ஆணியடிச்சி வச்சிருக்கீங்க? டைம் ஒண்ணும் தெரியல" என்று பதில் வந்தது.

ஏழு போல்ட்டையும் பிடுங்கித் தட்டில் போட்டேன். இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, எது எங்கே இருந்தது என்று பார்க்காமல் ஏழையும் ஏழு துளையில் செருகினேன். பாத்திரக்கடைக்காரிக்கு மூடி பொருந்தினால் போதும். குச்சி வைத்த போல்ட்டை மட்டும் யோசித்துத்தான் வைத்தேன். மேலே நடுவில், பிள்ளையார் படத்துக்குக் கீழே. ஊதுவத்தி ஏற்றி வைத்த மாதிரி அழகாக இருந்தது.

பெண்ணழைப்புக்கு முந்தின நாள் காலையில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். எதுவும் மிஞ்சவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காலியான பத்திரிகையைக் காட்டினார். கிளிப்புக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை, நூலால் கட்டிவிட்டார். வண்டியைக் கிளப்பினார். பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம், பிறகு ரப்பர் கருகும் வாடை. அணைத்துவிட்டுப் பார்த்தால் பம்பைச் சுற்றவைக்கும் பெல்ட்டின் ஓரம் பிய்ந்து கறுப்புத் தூளாக உதிர்ந்திருந்தது.

பெல்ட் தொய்வு என்று இறுக்கினார். சத்தம் கூடியது. பெல்ட் ஓடுகிற சக்கரங்கள் கோணலோ என்று இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். நேராக இருந்தன. விழுப்புரம் போய்ப் புது பெல்ட் வாங்கி வந்தார். அதுவும் பிய்ந்தது. டைனமோவுக்குப் பின்னால் ஒரு வாஷர் வைத்தார், இரண்டு வைத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு அட்டையைப் பெல்ட்டுக்குப் பின்னால் நுழைத்துப் பார்ப்பார். அட்டை நுழைந்தால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். நுழையவே இல்லை.

"எதுல இடிக்குது?" என்று கேட்டேன்.

"இந்தக் குச்சிலதான்" என்று விரலால் காட்டினார்.

மேலே, நடுவில் இருந்தது. பிள்ளையாருக்குக் கீழே நான் செருகிய அதே இடம்.

"அது அங்கதான் இருந்துச்சா?"

"பத்திரிகைல அங்கதான இருந்துச்சு. நான் தப்பு பண்ணுவேன், பத்திரிகை தப்பு பண்ணாது. பெல்ட்டுதான் சரியில்ல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இருபத்திரண்டு நாள் ஏசியவள் இருபத்து மூன்றாவது நாள் எந்த முகத்தோடு சொல்வது? கடைக்குப் போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த குண்டான்களை மறுபடி அடுக்கினேன்.

பெண்ணழைப்பு அன்று காலை அவர் கையைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டார். எடுத்தது கல்யாணப் பெண்.

"மாமா, எத்தினி மணிக்கு வர? நான் அஞ்சுக்கே ரெடியாயிடுவேன்."

இவர் போனைக் காதில் வைத்தபடி காரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மாகிட்ட குடும்மா" என்றார். வேறு வண்டி சொல்லிவிடச் சொல்லப்போகிறார் என்று புரிந்தது. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்குத் தாங்கவில்லை. போனைப் பிடுங்கி, "அஞ்சு மணிக்கு வந்துடுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"இன்னாடி பண்ற?"

என் போனில் தம்பிக்கு முதலில் அனுப்பிய போட்டோவை எடுத்து நீட்டினேன். அதில் குச்சி கீழே ஓரத்தில், தாய்மாமன் என்று போட்டு இவர் பேர் அச்சடித்திருந்த வரியின் மேல் நின்றது.

"நான்தான் மாத்தி வச்சிட்டேன்" என்றேன்.

போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "நடுவுல ஏன் வச்ச?"

"அழகா இருந்துச்சு."

தண்ணீரை வடித்து, பெல்ட்டைக் கழற்றி, ஏழையும் எடுத்து, போட்டோவைப் பார்த்துக் குச்சியை அதன் இடத்திலும் மற்ற ஆறை மீதித் துளைகளிலும் செருகினார். "பிள்ளையாரு," "முகூர்த்தம்," "தாய்மாமன்" என்று நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக முடுக்கினார். நூலில் தொங்கிய கிளிப் குச்சியில் போய் உட்கார்ந்தது. மூன்று மணிக்கு வண்டியைக் கிளப்பினார், சத்தமே இல்லை. அணைத்துவிட்டு அட்டையை நுழைத்தார். தடையில்லாமல் போய் வந்தது.

ஐந்து மணிக்குத் தொண்டூரில் இருந்தோம். அவள் பட்டுப்புடவையோடு முன்சீட்டில் ஏறினாள், நான் பின்னால் தட்டுகளோடு தட்டாக உட்கார்ந்தேன். மண்டபத்து வாசலில் அவர் அக்கா எல்லார் முன்னாலும், "இஞ்சினையே பிரிச்சி மாட்டிட்டியாமே, எல்லாம் நீயேவா?" என்று கேட்டார். இதோ வரப்போகிறது என்று நான் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் சேந்துதான் மாட்னோம்" என்றார் இவர்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஆகிறது. எத்தனையோ சண்டை வந்துவிட்டது. உப்பு அதிகமானபோதும், கடைச் சாவியை நான் தொலைத்தபோதும்கூட அந்தப் போல்ட் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஒரு தடவை சொல்லிக்காட்டியிருந்தால் நானும் மிக்ஸியைச் சொல்லிச் சரிக்கட்டியிருப்பேன். மனுஷன் வாயே திறக்கமாட்டேன் என்கிறார். இதற்கு மேல் என்னால் முடியாது, அதனால் நானே எழுதிவிட்டேன்.