மலர்க்கொடிக்கு ஒரு சாய்மானம்

டீக்கடை வாசலில் நிற்கிற இருசக்கர வண்டி யாருடையதாக இருந்தாலும் சரி, பின்னால் சாய்மானம் வைத்த வண்டி என்றால் இளவரசு ஏறி உட்கார்ந்துவிடுவார். முன்சீட்டில் அல்ல, பின்சீட்டில். இரண்டு கைகளையும் மடியில் தளரப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, முதுகை மெல்லச் சாய்ப்பார். இடுப்பைச் சற்று நகர்த்தி இன்னொரு முறை சாய்வார். கட்டைவிரலால் பஞ்சை அமுக்கிப் பார்ப்பார். வண்டிக்காரர் டீ கிளாசோடு முறைத்துக்கொண்டு வந்தால், இறங்கி நின்று, "கோச்சிக்காதீங்க, சும்மா முதுக வச்சிப் பாத்தேன்" என்பார். புதுச்சத்திரத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்பதால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் அவர் போன பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஐம்பதை நெருங்குகிற மனிதர். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பம்ப் ஆபரேட்டர். சட்டையிலிருந்து எப்போதும் ஒரு காரநெடி வரும். அதனால் வீடு திரும்பியதும் குளித்துவிட்டுத்தான் மனைவி பக்கத்தில் போவார். அதிகம் பேச மாட்டார். எதைக் கேட்டாலும் "அது ஒரு மாதிரி" என்று முடித்துவிடுவார். கம்பெனி வேலை ஒரு மாதிரி, புயல் மழை ஒரு மாதிரி, மனைவி மலர்க்கொடியின் நோயும் ஒரு மாதிரி.

அந்த நோய் சத்தமில்லாமல் வந்தது. முதலில் வாசற்படியில் கால் மடங்கியது. பிறகு தண்ணீர்க் குடம் கையிலிருந்து நழுவியது. ஒரு நாள் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்ட முடியவில்லை என்று வெகுநேரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். புதுச்சேரியில் பெரிய டாக்டர்களிடம் காட்டினார்கள். உடம்பிலுள்ள தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகும், குணமாக்க மருந்தில்லை, விடாமல் உடற்பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார்கள். அந்தப் பயிற்சிக்குச் சிதம்பரம் போக வேண்டும். பஸ் படி ஏற அவளால் முடியாது. ஆட்டோ குலுங்கினால் கம்பியைப் பிடிக்கக் கையில் பலமில்லாமல் பக்கவாட்டில் சரிந்துவிடுவாள். அடிக்கடி வாடகைக் கார் வைக்க வசதியில்லை. இளவரசின் வண்டி ஒன்றுதான் மிச்சம். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். "வண்டில போனாத்தான் நானும் எங்கயோ போறேன்னு இருக்குது" என்பாள்.

முதல் சாய்மானத்தைத் திருப்பாதிரிப்புலியூரில் ராஜ்கமல் கடையில் வாங்கினார். வண்டிக்கு அழகு சாமான் விற்கிற கடை அது. சுவரெல்லாம் சாய்மானங்கள் தொங்கின. பளபளவென்று முலாம் பூசிய கம்பியும் மெத்தென்ற பஞ்சும் வைத்த ஒன்றைக் காட்டி, அதைத்தான் குடும்பக்காரர்கள் எல்லோரும் வாங்குகிறார்கள் என்றார் ராஜ்கமல். இளவரசு அமுக்கிப் பார்த்தார். பூப்போல அமுங்கியது. அதுதான் நல்லது என்று நினைத்துவிட்டார்.

மாட்டிய பிறகுதான் தெரிந்தது, பக்கவாட்டில் உட்கார்கிற பெண்ணுக்குப் பின்னால் எந்தச் சாய்மானமும் உதவாது என்பது. மலர்க்கொடி கல்யாணமான நாள் முதல் புடவையில் ஒருபக்கமாகத்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொன்னபோது அவள் முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் தன் தம்பி ஜெயப்பிரகாஷின் மனைவியிடம் ஒரு சுடிதாரை வாங்கி அணிந்துகொண்டாள். முதல் நாள் தெருமுனை தாண்டும்வரை தலை நிமிரவில்லை. முட்லூர் தாண்டியதும் சிரித்தாள். "இத்தினி வருசமா ஒரு பக்கத்துலயே ஒலகத்தப் பாத்துக்கினு வந்தேன் மாமா. இப்பதான் அந்தப் பக்கமும் இருக்குதுன்னு தெரியிது."

சில வாரம் கழித்து அவளைக் குளிப்பாட்டும்போது இளவரசு அவள் முதுகைப் பார்த்தார். நடுமுதுகில் குறுக்காக ஒரு நீலக் கோடு கன்றியிருந்தது. பஞ்சு அமுங்கி அமுங்கி, உள்ளே இருந்த கம்பி பட்ட இடம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "சொன்னா அப்பறம் வண்டில அழச்சிக்கினு போமாட்டீங்க" என்றாள்.

அன்றிலிருந்து 'நல்லாதான் இருக்குது' என்று அவள் சொல்வதை அவர் நம்பவில்லை. அவளுடைய முதுகுக்குத் தெரிவது தன் முதுகுக்கும் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரகாஷை வரவழைத்தார். "நீ ஓட்டு மச்சான். நான் பின்னால உக்காந்துக்கறேன். எதயும் புடிக்க மாட்டேன். நீ எப்பயும் போல ஓட்டு" என்றார். மைத்துனனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஓட்டினான். இளவரசு கைகளைத் தொங்கவிட்டு, கால்களில் ஊன்றாமல், துணி மூட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் அவருக்குப் பல விஷயங்கள் தெரிந்துவிட்டன. சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறது. பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு வழுக்கி முன்னால் போகிறது, திரும்ப வந்து முதுகு கம்பியில் மோதுகிறது. மெத்தென்ற பஞ்சு கடைக்கு நல்லது, பயணத்துக்குக் கெட்டது. சாய்மானம் நேராக நின்றால் ஆளை முன்னால் தள்ளும், லேசாக மல்லாந்து நின்றால்தான் தாங்கும். தோள்பட்டைவரை உயரம் வேண்டும். விலாவுக்கு இரண்டு பக்கமும் அணைப்பு வேண்டும். எல்லாவற்றையும் விட, பிடித்துக்கொள்ளக் கை இல்லாதபோது ஒவ்வொரு பள்ளத்துக்கும் விழுந்துவிடுவோம் என்ற பயம் வருகிறது. இத்தனை நாளாக அந்தப் பயத்தோடுதான் அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். வண்டி நின்றதும் இளவரசு இறங்கி, சாய்மானத்தின் உயரத்தைச் சாணால் அளந்து பார்த்தார்.

இரண்டாவது சாய்மானத்தைச் சிதம்பரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சீட் தைக்கிறவரிடம் சொல்லிச் செய்தார். கெட்டியான பஞ்சு, மேலே ரெக்சின், விலாவை அணைக்க இரண்டு பக்கமும் மடிப்பு. சீட்டையும் பிரித்துப் பின்பக்கம் தாழ்த்தினார்கள். மலர்க்கொடியைக் கடைவாசலிலேயே உட்கார வைத்து, எழுப்பி, திரும்ப உட்கார வைத்துப் பார்த்தார். அவள் நல்லா இருக்குது என்றாள். அவர் அவளுடைய கால்விரல்களைக் கவனித்தார். வலி இருந்தால் விரல்கள் உள்பக்கம் சுருளும். அன்று சுருளவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நல்ல காலம். வழியில் வருகிற பெயர்ப்பலகைகளை எல்லாம் மலர்க்கொடி சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள். கல்யாண மண்டபம், உரக்கடை, பிரியாணிக் கடை எதையும் விடமாட்டாள். அவர் உம் கொட்டிக்கொண்டே ஓட்டுவார்.

ஒரு நாள் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான், வெகுநேரமாகப் பலகை எதையும் அவள் படிக்கவில்லை என்று அவருக்கு உறைத்தது. கூப்பிட்டார். பதில் இல்லை. ஓரங்கட்டித் திரும்பினார். சாய்மானம் முதுகை விடாமல் பிடித்திருந்தது. தலை மட்டும் ஹெல்மெட்டின் கனத்தில் ஒரு தோளின் மேல் சாய்ந்து கிடந்தது. கழுத்தின் தசைகளும் அவளைக் கைவிட்டிருந்தன. கண்கள் திறந்திருந்தன. நினைவு முழுசாக இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி, தாடையைத் தாங்கித் தலையை நிமிர்த்தியதும் அவள் மெல்லச் சொன்னாள்.

"கூப்டேன் மாமா. முட்லூருலருந்து கூப்டுக்கினே வரேன். சத்தம் வரல."

ஜெயப்பிரகாஷ் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வரும்வரை அவர் பாலத்தின் ஓரத்தில் அவள் தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே நின்றார். லாரிகள் போகும்போது பாலம் அதிர்ந்தது.

இனி வண்டி வேண்டாம் என்று பயிற்சி கொடுப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். சிறிது நாளில், அவ்வளவு தூரம் வரவும் வேண்டாம் என்றார்கள். இப்போது மலர்க்கொடி கூடத்துக் கட்டிலில் இருக்கிறாள். இளவரசு மட்டும் கழுத்தையும் சேர்த்துத் தாங்குகிற சாய்மானம் எங்கேயாவது, யார் வண்டியிலாவது இருக்கும் என்று நினைக்கிறார். அப்படி ஒன்று கிடையாது என்று ராஜ்கமல் பலமுறை சொல்லிவிட்டார்.

போன மாதம் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து செம்பியன் என்று ஒருவர் மனைவியோடு வந்தார். நெல் அரவை மில்லில் வேலை பார்ப்பவர். மனைவி கயல்விழிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. சீட் தைக்கிறவர்தான் முகவரி சொல்லி அனுப்பியிருந்தார். சாய்மானத்தின் அளவு பார்த்துக்கொண்டு போக வந்ததாகச் சொன்னார்கள். கயல்விழி இளவரசின் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாய்ந்ததும், அவளையும் அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. உள்ளே கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மலர்க்கொடி, "அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க மாமா" என்றாள். அவளுடைய குரல் வாசல்வரை எட்டவில்லை. இளவரசு உள்ளே போய், குனிந்து காது கொடுத்து இரண்டாம் முறை கேட்டுக்கொண்டு வந்தார். எவ்வளவு தர வேண்டும் என்ற செம்பியனிடம் கையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றார்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குந்தினார். ஒரு பக்கத்து போல்ட் சுலபமாகக் கழன்றது. மறுபக்கத்து போல்ட்டில் ஸ்பேனரை வைத்தவர் நிறுத்திக்கொண்டார். மரையில் ஒரு நீளமான தலைமுடி சுற்றியிருந்தது. வாரிவிடும்போது கழுத்து நிற்காததால் மலர்க்கொடியின் கூந்தலைத் தை மாதமே ஒட்ட வெட்டியாகிவிட்டது. செம்பியன் கொஞ்சம் எண்ணெய் விட்டால் போல்ட் கழன்றுவிடும் என்று யோசனை சொன்னார். இளவரசு ஸ்பேனரைத் தரையில் வைத்தார். விரல்நுனியில் அந்த முடியைப் பிடித்து, அறுந்துவிடாமல், ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்க ஆரம்பித்தார்.