தன்னாலே வந்த படிப்பு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழித்துக்கட்டியவர் என் அப்பா. அதற்கு அவர் ஊருக்குச் சொன்ன காரணம் ஒன்று, உள்ளே கிடந்த காரணம் வேறொன்று. ஊருக்குச் சொன்னது ரொம்ப உயர்வானது. மரியாதைக்காக அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுக் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த எங்கள் தோட்டத்துக்கு ஒரு ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தார். கோயமுத்தூர்க்காரர், அப்பாவுக்கு எங்கெங்கோ சுற்றி வளைத்துப் பங்காளி முறை. கதர் ஜிப்பா, தங்க நிறத்தில் கண்ணாடி. தின்னும்போதும் பேசுவார், தின்று முடித்தும் பேசுவார். பேச்செல்லாம் குழந்தைகளைப் பற்றித்தான். மணியடித்தால் எழுந்து நிற்பதும் மணியடித்தால் உட்காருவதும் படிப்பே அல்ல என்றார். என்ன படிப்பது என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும், யாரும் சொல்லித்தரக் கூடாது, கேட்கிற புத்தகத்தையும் சாமானையும் கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் பொறுமையாகக் கூட இருக்க வேண்டும் என்றார். அப்பா "யாரும் சொல்லித்தரக் கூடாது" என்பது வரைக்கும் கேட்டுக்கொண்டார். புத்தகம் வாங்கித் தருவதும் கூட இருப்பதும் அவர் காதில் ஏறவில்லை. செலவில்லாத பாதியை எடுத்துக்கொண்டு செலவுள்ள பாதியை அவர் ஒறம்பரையோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

"படிப்புங்கறது தன்னால வரோணும்," என்று மறுநாளே வீட்டில் அறிவித்தார். "மழை தன்னால வர்றதில்லையா? அந்த மாதிரி."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "தன்னால வர்றது நரையும் முட்டிவலியுந்தானுங்க. படிப்பு எங்கீங்க தன்னால வருது?"

அம்மா அதோடு விடவில்லை. ஒறம்பரை எங்கள் வீட்டில் இருந்தபோதே கச்சாயப் பலகாரத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "ஏனுங்க, உங்க கொழந்தைங்க எங்கீங்க படிக்கறாங்க?" என்று கேட்டிருந்தாள். கான்வென்டில், ஊட்டியில், போர்டிங்கில் என்று அவர் வாய் நிறையக் கச்சாயத்தோடு சொன்னாராம். அதை அப்பாவிடம் சொன்னதற்கு, "அது வேற," என்றார். எது எப்படி வேறு என்று கேட்க எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் யாருக்கும் வாய் கிடையாது.

இனி உள்ளே கிடந்த காரணம். உழுதவனுக்கே நிலம் என்று கேரளத்தில் சட்டம் வந்ததில், எங்கள் வயலில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, உழுதுகொண்டிருந்தவருக்கே அந்த வயல் சொந்தமாகிப் போனது. அப்பா அதைச் சட்டம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, கெரகம் என்றுதான் சொல்லுவார். போன வயலாவது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அந்த மனிதரின் மகளோ என் வகுப்பில், என் பெஞ்சில், என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எத்தனாவது படிக்கிறேன் என்பதே தெரியாத அப்பா, ஒறம்பரை போன அந்த வாரமே ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்ன தோன்றியதோ, "உங்க கிளாசுல பர்ஸ்டு ஆருடி?" என்று கேட்டார். அவள் பெயரைத்தான் சொன்னேன். கையில் எடுத்த உருண்டை அப்படியே நின்றது.

"அவளும் நீயும் ஒரே பெஞ்சா?"

"ஆமாங்கப்பா."

அடுத்த திங்கட்கிழமை எனக்கும் அண்ணனுக்கும் சுதந்திரம் கிடைத்தது. நான் ஒன்பதாவது, அண்ணன் பத்தாவது. எனக்குப் பத்தாவது எழுதி, டீச்சர் டிரெயினிங்குக்குப் போக வேண்டும். எங்கள் வகையறாவில் ஒரு பெண்ணும் பத்தைத் தொட்டதில்லை, நான் தொட்டே தீருவது என்று வைத்திருந்தேன். அந்த ஆசையின் தலையில்தான் இந்த உயர்ந்த கொள்கை வந்து விழுந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகைக்கு அம்மா பயந்துபோய் வேப்பிலை எடுத்து மந்திரிக்கப் பார்த்தாள்.

அண்ணனுக்கு மட்டும் கொள்கை ஒரே நாளில் புரிந்துவிட்டது. தன்னால வரும் என்றால் நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், அது வரும்போது வரட்டும் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். வெயில் முகத்தில் அடித்தால் எழுந்து பல் துலக்குவான். புறாக் கூண்டு செய்ய ஆரம்பித்துப் பாதியில் விட்டான். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினான். அப்புறம் ரேடியோவைக் கழற்றினான். கழற்றத்தான் தெரிந்ததே தவிர மாட்டத் தெரியவில்லை. வீட்டில் மணியும் போச்சு, நியூசும் போச்சு. அப்பாவோ வருகிறவர்களிடமெல்லாம், "பையன் ஆராய்ச்சி பண்றானுங்க," என்றார். அடேயப்பா, அந்த முகத்தில் என்ன பெருமை!

எனக்கு வந்த சுதந்திரம் வேறு தினுசு. எங்கள் பக்கத்தில் மலையாளத்தோடு கலந்து பழகியதில் எதைக் கற்றுக்கொண்டாலும் "படிப்பது" என்றே சொல்லுவோம். சைக்கிள் படிப்போம், நீச்சல் படிப்போம், சமையல் படிப்போம். அப்பாவுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. நான் கணக்குப் புத்தகத்தை எடுத்தால், "அது ஸ்கூல்காரன் எழுதுனது, உன்ற இஷ்டமா அது?" என்பார். கீழே வைத்தால், "சும்மா இருக்காத கண்ணு, அம்மாகிட்டக் கொழம்பு வெக்கப் படி," என்பார். நிலக்கடலை உரிக்கப் படித்தேன். விறகுக்குப் பருத்திமார் கட்டப் படித்தேன். சாணி தட்ட ஏற்கனவே படித்திருந்ததால் அதில் மேல்படிப்புக்குப் போனேன். என் இஷ்டம் எப்படியோ எப்போதும் அடுப்படிப் பக்கமே திரும்பியது, என்ன மாயமோ.

ஒரு நாள் துணிந்து கேட்டேன். "எதுல இஷ்டமோ அதைப் படிக்கலாம்னு சொன்னீங்கல்லங்கப்பா? எனக்கு ஸ்கூலுக்குப் போறதுதானுங்க இஷ்டம்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம், "அது இஷ்டமில்ல, பழக்கம். போகப் போக உட்டுப்போகும்," என்றார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வாத்தியார் ஒருவர், மலையாள மாஷ், குடையும் கையுமாக விசாரிக்க வந்தார். "குட்டிகள் எந்தா ஸ்கூளில் வராத்தது?" என்று கேட்டார். பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று. அப்பா தனக்குத் தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டி, "குட்டிகள் தன்னே படிக்கும், மாஷே," என்றார். சொல்லி வாய் மூடவில்லை, களத்திலிருந்து தடாலென்று ஒரு சத்தம். பண்ணையாள் ஓடிவந்து, "ஒண்ணுமில்லீங்க, சின்னவரு சைக்கிள் படிக்கறாருங்க, வைக்கப்போருல உளுந்துட்டாரு," என்றான். மாஷ் அப்பாவைப் பார்த்தார், வைக்கோலோடு எழுந்து வந்த அண்ணனைப் பார்த்தார், மோரை ஒரே மடக்கில் குடித்தார். "சைக்கிள் படிக்கான் ஸ்கூள் விடணோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். சைக்கிள் கற்கவா பள்ளிக்கூடத்தை விடுவது என்ற அந்தக் கேள்வி அப்பாவுக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தும், "அந்தாளு பேசற மலையாளமே ஒரு தினுசு," என்று சொல்லி உள்ளே போனார்.

நான் மட்டும் படிப்பை விடவில்லை. சாயங்காலம் துணி அலசுகிறேன் என்று வாய்க்காலுக்குப் போவேன். அந்தப் பக்கக் கரையில் அவள், அதுதான் என் பெஞ்சுக்காரி, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆடு மேய்ப்பாள். அன்றன்றைக்கு நடந்த பாடத்தை அன்றன்றைக்கே எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். இரக்கப்பட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் அவள் அப்பா தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற வீட்டுப் பெண்ணுக்குப் பாடம் எடுப்பதில் அவளுக்கு அப்படியொரு சுகம். நாலு பேர் பார்க்க, "வாங்க, போங்க" என்பாள். கரையில் யாரும் இல்லாவிட்டால், "மண்டைல களிமண்ணாடி வெச்சிருக்கற?" என்று ஆடு ஓட்டும் குச்சியாலேயே விரலில் ஒன்று போடுவாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் அவள் சொல்லித்தந்தால் இயற்கணிதம் விளங்கியது. மாஷ் ஒரு மணி நேரம் சொன்னதை அவள் ஆட்டை விரட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள். குச்சிக்கும் களிமண்ணுக்கும் பயந்து நான் ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

இப்படியே கோடை வந்தது. கடலைக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம். அண்ணனின் ஆராய்ச்சி கிணற்று மோட்டாருக்கு முன்னேறியது. காலையில் போய்ப் பார்த்தால் மோட்டார் துண்டு துண்டாகக் கோணிச் சாக்கில் பரப்பிக் கிடக்கிறது, நடுவில் அவன் எண்ணெய்க் கையோடு குந்தியிருக்கிறான். ஆள் தேடிப் பிடித்து அதை மாட்டி முடிப்பதற்குள் பாதிக் கடலை காய்ந்துபோனது. கடிகாரம் போனபோதும் ரேடியோ போனபோதும் ஆராய்ச்சி என்ற அப்பா, அன்றைக்குத் தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு அண்ணனைத் தோட்டம் முழுக்க விரட்டினார். சும்மா சொல்லக் கூடாது, கண்கொள்ளாக் காட்சி. அந்த வாரமே அவனைப் பாலக்காட்டில் ஒரு டுட்டோரியலில் சேர்த்து, தங்கிப் படிக்க இடமும் பார்த்து விட்டுவிட்டு வந்தார். ஆம்பளப் பையனாம், பத்தாவதாவது பாஸாக வேண்டுமாம்.

என்னைப் பற்றிப் பேச்சே இல்லை. பொறுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதர் ஜிப்பாக்காரர் மறுபடியும் வந்து சேர்ந்தார். அப்பாவுக்குத் தன் பண்ணையில் விளைந்ததைக் காட்ட வேண்டாமா? அண்ணனைக் காட்ட முடியாது. கூலிக் கணக்கை நான் மனசிலேயே போட்டுச் சொல்வதைக் கேட்டிருந்ததால் என்னைக் கூப்பிட்டார். பந்தியில் இலை போட்டு அவர்கள் சாப்பிட, நான் எதிரில் நின்று, ஜிப்பாக்காரர் கேட்ட கணக்குக்கெல்லாம் மனசிலேயே போட்டு விடை சொன்னேன். அவர் அசந்துபோனார்.

"பாத்தீங்களா?" என்றார் அப்பா. "ஒரு வாத்தியான் சொல்லிக் குடுக்கல. எல்லாம் தன்னால வந்தது."

இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று கேட்டேன். "அப்பா, அண்ணனை அனுப்புன மாதிரி என்னையும் ஸ்கூலுக்கு அனுப்புங்கப்பா. நானும் பத்தாவது எழுதறனுங்க."

அப்பா சிரித்தார். கோபமே இல்லை, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். "அவனுக்குத் தன்னால வரல, அதனால அனுப்புனன். உனக்குத்தான் தன்னால வருதே கண்ணு, உனக்கெதுக்கு ஸ்கூலு?"

ஜிப்பாக்காரர் ரசத்தை உறிஞ்சியபடி, "சரியாச் சொன்னீங்க," என்று தலையாட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மண்டாக இருந்தவனுக்குப் பள்ளிக்கூடம், படித்தவளுக்கு அடுப்படி. இது என்ன நியாயம்? நான் ஒரு கணக்காவது தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அதுவரைக்கும் பயத்தில் அடக்கி வைத்திருந்தது வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தன்னால வரலீங்கப்பா. வாய்க்காக் கரையில ஆடு மேய்க்கறாளே, அவதானுங்க சொல்லிக் குடுத்தா. தெனமும்."

"ஆரு?"

"நம்ம வயலு இப்ப ஆருதுங்களோ, அவிங்க புள்ள."

ஜிப்பாக்காரருக்குப் புரையேறியது. அம்மா தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முகம் முதலில் சிவந்தது, அப்புறம் சாம்பலாகப் போனது. எந்தப் பெஞ்சிலிருந்து என்னைப் பிடுங்கிக்கொண்டு வந்தாரோ, அந்தப் பெஞ்சு அவர் வாய்க்காலுக்கே வந்து எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு, அம்மாவிடம் சொல்வது போல ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "அந்தப் பாட்டக்காரம் புள்ளகிட்டப் போயிக் கை கட்டி நிக்கறதுக்கு, வாத்தியாங்கிட்டயே அடி வாங்கித் தொலையட்டும். ஸ்கூலுக்குப் போகச் சொல்லு. வேற பெஞ்சுல உக்காரோணும், அவ்வளவுதான்."

மழை பிடித்த நாளில் பள்ளிக்கூடம் திறந்தது. விட்டுப்போன பாடத்தில் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பத்தாவதிலேயே சேர்த்துக்கொண்டார்கள். நான் வேறு பெஞ்சைத் தேடவேயில்லை, நேராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு வாய் நிற்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். ஜிப்பாக்காரர் இருமியதை இருமிக் காட்டினேன். கடைசியில், அப்பா மாட்டுக் கொட்டகையில் நின்று சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்பா குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அம்மாவும் நானும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருந்தோம்.

அவள் சிரிக்கவில்லை.

"இதுல உங்களுக்கு எது சிரிப்பா இருக்குது?" என்று கேட்டாள். சுற்றிலும் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை, இருந்தும் "உங்களுக்கு" என்றாள்.

 அதற்குள் மாஷ் வந்துவிட்டார், எல்லோரும் எழுந்து நின்றோம்.