கடைமடைக்கு முதல் தண்ணீர்

ஒச்சாண்டி யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. சின்னமனூரில் அய்யாத்துரையின் உரக்கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறான். புதிதாக வந்து இறங்கும் விதைப் பாக்கெட்டின் முத்திரையை இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிரித்துப் பேசினால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். அண்ணன் பாண்டியராஜனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பியோடு முறுக்கும் சேர்ந்து வந்தபோது, "இம்புட்டுக் கவனிக்கிறாகளே, எதுக்கு?" என்று அண்ணன் காதில் கேட்டவன். அது அந்த வீட்டுப் பெண்ணின் காதிலும் விழுந்துவிட்டது. அந்தப் பெண்தான் இப்போது அவனுக்கு மதினி.

அப்படிப்பட்டவன் முகம் தெரியாத நாற்பது பேரை நாலு வருடம் நம்பினான்.

கடைக்குப் பூச்சிமருந்து எடுக்க மதுரைக்குப் போன இடத்தில், நடைபாதைக் கடையில் ஓர் ஆங்கில நாவல் கிடைத்தது. 2003ஆம் வருடம் அது. புத்தகத்துக்கு அட்டை இல்லை. உள்ளே நெருப்புக் கக்கும் டிராகன்கள், பேசும் மரங்கள், ஏழு தலைமுறைச் சாபம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தான். கடைசியில் கதாநாயகி பனிமலைக் கணவாயில் ஒரு கதவின் மேல் கை வைக்கிறாள். அதோடு புத்தகம் கிழிந்துபோயிருந்தது.

கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வைகுண்டராஜின் பிரௌசிங் சென்டருக்குப் போய்த் தேடினான். மாயக்கதைகள் படிக்கிற தமிழர்கள் கூடிப் பேசுகிற ஒரு குழுமம் அகப்பட்டது. பெயர் 'ஏழு கணவாய்'. தட்டுத்தடுமாறி ஒரு கேள்வி போட்டான்: கதவுக்குப் பின்னால் என்ன?

ஆறு பேர் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்குச் சில பக்கமாக, அந்த முடிவைத் தமிழில் தட்டி அனுப்பினார்கள். குழுமத்தை நடத்திய சிங்கப்பூர்க்காரர் தொடங்கிவைத்தார்; அங்கே அவர் பெயர் கோட்டைக்காவலர். கடைசிப் பகுதியைச் சென்னையிலிருந்து தீப்பறவை என்ற பெண் எழுதினாள். அடியில் ஒரு வரி: "இனி நீங்கள் எங்கள் ஆள்."

எதுக்கு என்று ஒச்சாண்டிக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

ஏழு கணவாயில் யாரும் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது. ஊர், சாதி, குலம் கேட்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர் என்ன தொழில் என்று மட்டும் ஒரு வரி சொல்லிக்கொள்வார். இவனுக்கு முன்னால் எழுதியிருந்தவர்கள் மருத்துவர், மென்பொருள் பொறியாளர், வங்கி அதிகாரி. ஒச்சாண்டியின் விரல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு 'தோட்டக்கலை விரிவுரையாளர்' என்று தட்டியது. பிளஸ் டூவில் தோற்றவன் அவன். எழுதியதை அழிக்கலாம் என்று நினைப்பதற்குள் மூன்று பேர் "வணக்கம் ஐயா" என்று எழுதிவிட்டார்கள். அந்த ஐயா அவனுக்குப் பிடித்திருந்தது.

எல்லோரும் சேர்ந்து ஒரு கற்பனை நாட்டை உருவாக்கினார்கள். தீப்பறவை டிராகன்களை எடுத்துக்கொண்டாள். கோட்டைக்காவலர் கோட்டைகளை எடுத்துக்கொண்டார். யாரும் சீண்டாமல் கிடந்தது ஆறு. 'மடைகாப்பான்' என்ற பெயரில் ஒச்சாண்டி அதை எடுத்தான். தனக்குத் தெரிந்த வாய்க்காலையே அந்த நாட்டுக்குள் வெட்டிவிட்டான். மேல்மடை பாய்ந்து, நடுமடை பாய்ந்து, கடைசியில்தான் கடைமடை. அரசனானாலும் முறை வருகிறவரை வரப்பில் காத்திருக்க வேண்டும். தாகம் எடுத்த டிராகன் ஒரு குடியானவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற அத்தியாயத்தை எழுதியபோது சிங்கப்பூரிலிருந்து கோட்டைக்காவலர் தனிமடல் போட்டார்: "ஐயா, அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துத் திட்டு வாங்கினேன்."

நாட்டின் வரைபடத்தைப் பிரௌசிங் சென்டரில் அச்செடுத்து, மடித்து, வீட்டில் உரக் கம்பெனிக் காலண்டருக்குப் பின்னால் வைத்திருந்தான்.

2007 ஆடியில் கருங்குருவி வந்தது.

புதுப் பெயர். முதல் நாளே அவனுடைய ஆற்றைப் பற்றி எழுதியது: "மடைக்கல்லில் மூன்று கோடு போட்டிருப்பார்களே, நடுக்கோடு நனைந்தால் அடைத்துவிட வேண்டும் என்று. அதை ஏன் எழுதவில்லை?"

ஒச்சாண்டி அதை இரண்டு தரம் படித்தான். அந்தக் கல் அவன் கதையில் கிடையாது. அது இருப்பது வாய்க்கால் கரையில், அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

உள்ளூர் ஆள் ஒருவர் உள்ளே வந்துவிட்டார். அவன் யார் என்று தெரிந்த ஆள். ஒரு வரி எழுதினால் போதும், நாலு வருடத்து ஐயா போய்விடும். அந்த நாற்பது பேரும் போய்விடுவார்கள்.

முதல் சந்தேகம் வைகுண்டராஜ் மேல். பிரௌசிங் சென்டருக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டை ஒச்சாண்டி பின்பக்கத்திலிருந்து புரட்டினான்.

"என்னண்ணே, பொண்ணு கிண்ணு தேடுறீகளா நோட்டுல?"

"இல்லப்பா. யாரெல்லாம் வர்றாகன்னு சும்மா பார்த்தேன்."

"அதுக்கு எதுக்கு நாலு மாசத்து நோட்டு? போலீஸ்கூட ஒரு வாரந்தான் கேட்டாக."

அடுத்த சந்தேகம் முதலாளி மேலேயே விழுந்தது. ஒரு நாள் காலையில் லாரி வந்து நின்றதும் அய்யாத்துரை கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார்: "ஏலே வாத்தியாரு, மூட்டைய இறக்கச் சொல்லு!"

ஒச்சாண்டி நின்ற இடத்திலேயே நின்றான். "என்ன சொன்னீக?"

"வாத்தியாருன்னேன். கத்தரிக்கு மருந்து கேட்டு வந்த மனுசன நிக்க வச்சு அரை மணி நேரம் பாடம் எடுக்குறியேல்ல? அவன் மருந்தையே மறந்துட்டுப் போயிட்டான்."

அன்று முழுக்க முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்குச் செல்போனில் பச்சைப் பொத்தானைத் தவிர வேறெதுவும் தெரியாது. அப்படி நடிக்கிறாரோ?

ஐப்பசியில் கோட்டைக்காவலர் ஓர் அறிவிப்புப் போட்டார். டிசம்பரில் ஊருக்கு வருகிறார். சிலரைக் கூட்டிக்கொண்டு மேகமலைக்குப் போவதாகத் திட்டம். வழியில், அவனே ஒரு தடவை தனிமடலில் சொல்லியிருந்த சின்னமனூரில் இறங்கி மடைகாப்பானைப் பார்க்க வேண்டும். தீப்பறவை உடனே கேட்டாள்: "ஐயா, எந்தக் கல்லூரி? உங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார விடுவார்களா?"

அவன் இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் கருங்குருவி பதில் சொல்லியிருந்தது: "அவர் பாடம் எடுப்பதை நான் கேட்டிருக்கிறேன். இலைச்சுருட்டு நோயைப் பற்றி அரை மணி நேரம். கேட்டவர் வந்த வேலையை மறந்துவிட்டார்."

காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான். காப்பாற்றுகிறவன் எதையோ எதிர்பார்த்துத்தானே காப்பாற்றுவான்? என்ன கேட்கப் போகிறான்?

கண்டுபிடிக்க ஒரு வலை விரித்தான். வேண்டுமென்றே தப்பாக ஓர் அத்தியாயம் எழுதினான். அதில் பஞ்ச காலத்தில் நாட்டின் அரசி உத்தரவு போடுகிறாள்: இந்த வருடம் கடைமடைக்கு முதல் தண்ணீர், மேல்மடை கடைசியில் பாயட்டும். வெளியூர்க்காரர்கள் "என்ன நீதி!" என்று மெச்சுவார்கள். வாய்க்காலில் பாய்ச்சுகிறவனால் மட்டும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

நினைத்தபடியே முப்பது பேர் மெச்சினார்கள். மறுநாள் கருங்குருவி வந்தது: "இப்படி எந்த நாட்டிலும் நடக்காது, மடைகாப்பான். மேல்மடைக்காரர் வாழைக்கு இரண்டு தடவை பாய்ச்சிவிட்டுத்தான் மடையை விடுவார். கடைமடைக்கு முறை வரும்போது உச்சி வெயில். பாதித் தண்ணீரை வாய்க்காலே குடித்துவிடும். மீதியில் கால் கழுவலாம்."

கடைசி வாக்கியத்தில் ஒச்சாண்டியின் கண் நின்றது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறான். அதுவும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் அண்ணனோடு சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, இந்தத் தடவை கடைமடைக்கும் நல்லா தண்ணி போகுதாமே?"

பாண்டியராஜன் நிமிரவில்லை. "போகும் போகும்" என்றான்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மதினி மாரீஸ்வரியின் கரண்டி நின்றது. "யார் சொன்னது? எங்கப்பன் வயக்காட்டுல போய்ப் பாருங்க. உச்சி வெயில்ல முறை விடுறாக. கால் கழுவத்தான் ஆகும் அந்தத் தண்ணி!"

"ஆரம்பிச்சிட்டா" என்றான் அண்ணன்.

ஒச்சாண்டி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான். வெளியே இத்தனை பேரை வேவு பார்த்தானே, மூன்று வேளையும் சோறு போட்டவளை ஒரு தடவையாவது நினைத்தானா?

மாரீஸ்வரி இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகத்தில், இன்டர்நெட் இணைத்த கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகைக்கு டைப் அடிக்கிற வேலை பார்த்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனான். அவள் தனியாக இருந்தாள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் முருகன் படம், பேருந்து நேர அட்டை. இரண்டுக்கும் நடுவில் அவனுடைய வரைபடத்தின் நகல் இருந்தது.

"வாங்க மடைகாப்பான்" என்றாள் திரும்பாமலே.

"எப்ப இருந்து?"

"ஆடிக்கு வீடு ஒட்டடை அடிச்சப்ப காலண்டர எடுத்தேன். பேப்பர் விழுந்துச்சு. அடியில சைட்டு அட்ரஸ் முழுசா அச்சாகி இருக்கு. சந்தேகப்படுற ஆளு, அதைக் கிழிச்சிட்டு வச்சிருக்கக் கூடாதா?"

"எல்லாத்தையும் படிச்சீகளா?"

"நாலு வருசத்தையும் படிச்சேன். டிராகன் வரிசையில நிக்கிற இடத்துல சிரிச்சு ஒரு பத்திரிகையில மாப்பிள்ள பேரையே மாத்தி அடிச்சிட்டேன். விரிவுரையாளர்னு போட்டதையும் படிச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அன்னைக்கே அந்தப் பக்கம் போறத நிறுத்தியிருப்பீக. முறுக்கு வச்சதுக்கே சந்தேகப்பட்ட ஆளு நீங்க."

"அந்த இலைச்சுருட்டு?"

"சாப்பாடு கொண்டாந்தப்ப கேட்டதுதான். பொய்யா சொன்னேன்? பாடம் எடுத்தீகளா இல்லையா?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "உங்களுக்கு என்ன வேணும் மதினி?"

மாரீஸ்வரி இப்போதுதான் முழுதாகத் திரும்பினாள். முகத்தில் கேலி இல்லை. "அந்த அத்தியாயத்த அழிச்சிராதீக. என்னையப் பிடிக்கத்தான் எழுதுனீகன்னு தெரியும். நானும் சண்டைக்கு வந்துட்டேன். ஆனா அது அப்படியே இருக்கட்டும். ஒரு நாட்டுலயாவது எங்கப்பன் முதல்ல பாய்ச்சட்டும்."

அவன் தலையாட்டினான். வேறு ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் திரும்பி மணமகளின் தாத்தா பெயரை அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

டிசம்பர் பிறந்தது. விருந்தாளிகள் அந்த வாரச் சனிக்கிழமை வருவதாக இருந்தது. கல்லூரி லீவு என்று சொல்லலாம். மாற்றலாகிவிட்டது என்று சொல்லலாம். தேனிக்கு ஓடிப்போய் ஒரு நாள் ஒளிந்திருக்கலாம். எதைச் சொன்னாலும் அதற்கு மேல் இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. புதன்கிழமை மாலை வைகுண்டராஜின் பிரௌசிங் சென்டரில் மூலைத் தடுப்புக்குள் உட்கார்ந்து எழுதினான்:

"நான் விரிவுரையாளர் இல்லை. உரக்கடையில் வேலை பார்க்கிறேன். மூட்டை இறக்குவேன், மருந்து சொல்லுவேன். நாலு வருடம் பொய் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை நீங்கள் வராவிட்டால் புரிந்துகொள்வேன். ஆற்றை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கடைமடைக்கு முதல் தண்ணீர் என்பதை மட்டும் மாற்ற வேண்டாம்."

அனுப்பிவிட்டுத் திரையை அணைத்து வெளியே வந்தான். வியாழக்கிழமை காலை கடை திறப்பதற்கு முன்னால் மறுபடி போய் உட்கார்ந்தான்.

தீப்பறவை எழுதியிருந்தாள்: "உரக்கடையா? என் மொட்டைமாடி எலுமிச்சை மூன்று வருடமாக இலை சுருண்டு கிடக்கிறது. முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, ஐயா?"

அடியில் கோட்டைக்காவலர்: "பேருந்து ஏழரைக்கு வரும். மூட்டைகளுக்கு நடுவே உட்கார இடம் இருக்குமா?" அவனுக்குத் தனிமடலும் போட்டிருந்தார். நால்வர் வருவதாக இருந்தது, நேற்று இரவு இன்னொருவர் சேர்ந்திருக்கிறார், மொத்தம் ஐந்து பேர்.

ஒச்சாண்டி எல்லாப் பதில்களையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தான். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. அது கிடக்கட்டும், ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. நாலு வருடத்துப் பொய் உடைந்தால் ஒரு "அப்படியா" கூடவா வராது?

அன்று மத்தியானம் சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லாமல் வீட்டுக்கே போனான். மாரீஸ்வரியும் அச்சகத்திலிருந்து வந்திருந்தாள். அடுக்களையில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, எல்லாருக்கும் எழுதிட்டேன்."

"பார்த்தேன். நல்லாத்தான் எழுதியிருக்கீக."

"நீங்க முன்னாடியே அவுககிட்டச் சொல்லிட்டீகளா?"

"எனக்கென்ன தெரியும்? நான் எம்பாட்டுக்கு வேலையப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஊறப்போட்டாத்தான் சனிக்கிழமை காலையில ஏழு பேருக்கு இட்லி ஆகும்."

"ஏழு பேரா? அண்ணன்தான் போடிக்குப் போறாகளே?"

"அதனாலதான் ஏழு. வர்றது அஞ்சு. நீங்க ஒண்ணு. நானும் உக்காந்து சாப்பிடுவேன்ல? கருங்குருவிக்குப் பசிக்காதா?"

அவன் வாயைத் திறந்தான். ஐந்தாவது ஆள் வருகிற செய்தி காலையில் அவனுக்குத் தனியாக வந்தது. குழுமத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது? யார் சொன்னார்கள், எத்தனை நாளாகப் பேசிக்கொள்கிறார்கள், முதலில் எழுதியது யார், இவளா அவர்களா?

மாரீஸ்வரி முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். அவன் கேட்கப்போவது என்ன என்று தெரிந்த முகம்.

ஒச்சாண்டி உளுந்து டப்பாவை எடுத்துத் திறந்து உள்ளே பார்த்தான்.

"உளுந்து பத்தாது போலிருக்கே மதினி" என்றான். "கடையிலிருந்து வரும்போது வாங்கிட்டு வரவா?"