சொல் இல்லாத மாதங்களில் தவமணி டீச்சர்

தவமணி டீச்சர் காலமான செய்தி, மலையகத்து வட்டகொடை ஸ்டேசனில் ரயிலுக்காக நின்றபோது தொலைபேசியில் வந்தது. "சேர், அம்மா காலையில போயிட்டாங்க" என்றாள் மகள் சுகந்தி. ரயிலை விட்டுவிட்டு நேரே அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

அவரிடம் படித்தவர்களுக்கு அவருடைய இலக்கண வகுப்பு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து அதே பள்ளிக்கு விஞ்ஞானம் கற்பிக்க வந்த எனக்கு நினைவிருப்பது ஆசிரியர் அறை வாக்குவாதங்கள். சுகந்தி பேசப் பழகிய வயதில், 'வந்தேன்' என்பதற்கு, "நேத்து வருனேன்" என்று சொன்னாளாம். "வீட்டுல யாரும் அப்படிப் பேசறதில்ல சேர். அவளே ஒரு விதி போட்டுக்கிட்டா. இலக்கணத்த நாம குடுக்கல, பிள்ளை கொண்டுக்கிட்டுத்தான் வருது" என்பார். அதோடு நிற்கமாட்டார். "மொழி இருக்கிறதாலதான் நான்னு ஒருத்தி இருக்கேன். மொழி போனா ஆளும் போச்சு."

"அப்ப, பேச்சு வராத குழந்தைக்கு மனமே இல்லையோ?" என்று கேட்பேன். சிரித்துவிட்டுக் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கிவிடுவார்.

ஓய்வு பெற்ற மறு வருடம் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சு முற்றாக நின்றது. பார்க்கப் போனேன். கட்டிலருகில் நின்றபடியே அவருடைய கணவர், "அவளுக்கு ஒன்னும் வெளங்கல சேர். கண்டிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல விட்டுடலாம்னு பாக்குறோம்" என்றார். டீச்சரின் கண்கள் கணவரின் முகத்தை விட்டு அகலவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. குனிந்து, "டீச்சர், நேற்று நான் வருவேன்" என்றேன்.

அவர் முகம் சுளித்தது. இடது கையைத் தூக்கி, பிழையை வெட்டுவதுபோல விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். "நேற்று நான் வந்தேன்" என்று திருத்திச் சொன்னேன். கை இறங்கியது, தலை மெல்ல ஆடியது.

"அவவுக்கு விளங்குது" என்றேன்.

கணவர் சுவரில் சாய்ந்து அழுதார். "இவ முன்னாலேயே எல்லாத்தையும் பேசிட்டேனே சேர்." இல்லத்தில் விடும் பேச்சு அன்றோடு முடிந்தது.

மாதங்கள் செல்லச் செல்ல, சில சொற்கள் திரும்பின. ஒருநாள் பழைய வாக்குவாதத்தை அவரே எடுத்தார். "சொல்லு... ஒன்னும் இல்ல சேர். உள்ள... வெறிச்சுன்னு. ஆனா நான்... இருந்தேன்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் சொன்னது... பிழை" என்றார்.

"பாதிதான் பிழை, டீச்சர். இலக்கணம் போகேல்லையே."

"பாதி" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார்.

சொல்லும் மனமும் எங்கே பிரிகின்றன என்பது எனக்கு இன்றும் தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். பேச முடியாமல் கிடப்பவரைப் பார்க்கப் போனால், அவரைப் பற்றி மற்றவர்களிடம் விசாரிப்பதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடமே கேட்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.